புகைக்கு முதலில் வழி

கண்டியில் அடுப்படி பெரும்பாலும் வீட்டின் கடைசி அறையாகத்தான் இருக்கும். மலையை வெட்டிச் சமப்படுத்திய துண்டில் வீடு நிற்கும். முன்பக்கம் பாதை, பின்பக்கம் வெட்டிய மண்சுவர். அந்த மண்சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே மிஞ்சுகிற நாலைந்து அடி இடத்தைப் பார்த்துத்தான் அடுப்படியின் ஜன்னல் திறக்கும். வெளிச்சமும் காற்றும் குறைவு, ஈரம் அதிகம். அம்பிட்டிய பக்கம் ஏறினாலும் ஹந்தானைப் பக்கம் ஏறினாலும் இந்த அமைப்பைக் காணலாம். இப்படியான அடுப்படிகளை உடைத்துத் திருத்திக் கட்டும் வேலை நகரத்தில் ஓயாமல் நடக்கிறது. அந்த வேலையைச் செய்கிற கைகள் எப்படி யோசிக்கின்றன என்று பார்க்க, ஒரு மேசனோடும் அவர் வழியாகத் தெரிந்துகொண்ட சிலரோடும் சேர்ந்து சுற்றினேன்.

முதலில் போனது அம்பிட்டியவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுக்கு. வீட்டின் மற்ற எல்லா அறைகளும் ஒருமுறையாவது புதுப்பிக்கப்பட்டிருந்தன. அடுப்படி மட்டும் கட்டிய நாளில் இருந்தபடியே இருந்தது. சுவரின் மேற்பாதி முழுவதும் கரி. பழைய ஓட்டுக் கூரை இருந்தவரை ஓடுகளின் இடுக்கு வழியாகப் புகை கசிந்து போய்க்கொண்டிருந்ததாம். ஓட்டை இறக்கி அஸ்பெஸ்டோஸ் சீட் போட்டு, அதற்குக் கீழே சீலிங்கும் அடித்த பிறகு புகைக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. கொழும்பில் வேலை செய்யும் மகள் லீவில் வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் டைல்ஸ் கம்பனிகளின் வண்ணப் புத்தகங்கள் விரிந்து கிடந்தன.

மேசன் கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தை விட்டதும் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சிங்கள பாஸிடம் கையாளாகச் சேர்ந்து தொழில் பழகினார். இப்போது அவரிடம் இரண்டு கையாட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவர் பாஸ். டீச்சருக்குத் தம்பி. எனக்கு அண்ணன்.

வந்தவர் டைல்ஸ் புத்தகத்தைத் தொடவில்லை. சாமித் தட்டிலிருந்து ஓர் ஊதுபத்தி தரும்படி கேட்டு வாங்கினார். அதைப் பற்றவைத்து அடுப்புத் திண்ணை மேல் பிடித்தார், பிறகு ஜன்னலோரம், பிறகு கதவுக்குக் கீழே, கடைசியாக சீலிங்குக்கு ஓர் அடி கீழே. புகை நூல் எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே நின்று சுழல்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பின்கதவைத் திறக்கச் சொல்லி மறுபடி பார்த்தார், மூடச் சொல்லி மறுபடி பார்த்தார்.

“டீச்சர், டைல்ஸ் கடைக்கு அப்புறம் போகலாம். மொதல்ல அடுப்பு எங்க வரப்போகுதுன்னு சொல்லுங்க.”

“அடுப்பு இருக்கிற இடத்தில்தானே இருக்கும், தம்பி?”

“இருக்கிற இடத்தில இருந்தா புகை ஹாலுக்குத்தான் போகும். இந்தப் பத்தியே சொல்லுதுங்களே. காத்து ஜன்னல் பக்கமிருந்து உள்ளே வருது. அடுப்பு எதிர்மூலைக்குப் போகணும். அப்பத்தான் காத்து முதுகுப் பக்கமா வந்து புகையை அங்கிட்டுத் தள்ளும்.”

பிறகு பின்சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை சுவர் ஈரமாக இருந்தது. கரண்டிப் பிடியால் தட்டினார். சில இடங்களில் பூச்சு சுவரை விட்டுக் கழன்று பொத்தல் சத்தம் வந்தது. மகளின் திட்டத்தில் அந்தச் சுவரைத்தான் மூன்றடி பின்னால் தள்ளி அடுப்படியைப் பெரிதாக்குவதாக இருந்தது. அதற்கு மண்சுவரை இன்னும் வெட்ட வேண்டும்.

அண்ணன் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கூலி இரட்டிப்பாகக் கிடைத்தாலும் அந்த வேலையைத் தொடமாட்டேன் என்று நேரடியாகச் சொன்னார். நிலச்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டிட அனுமதிக்கு முன்னால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும் என்பது விதி. கண்டி அந்த மாவட்டங்களில் ஒன்று. ஆனால் வீட்டுக்குப் பின்னால் மூன்றடி வெட்டுகிற வேலைக்கு யாரும் எந்த அலுவலகத்துக்கும் போவதில்லை. மண்வெட்டியோடு ஆள் வந்து ஒரே நாளில் முடித்துவிடுவார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. இந்த மலைகளில் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்தால் முதலில் புதைவது அடுப்படி. அந்த நேரத்தில் உள்ளே யார் நிற்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அவர் வேறு வழி சொன்னார். சுவர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். மண்சுவரின் அடியில் கானை ஆழப்படுத்தி மழைநீரைப் பக்கவாட்டில் இறக்க வேண்டும். பூச்சை உரித்து, சுவர் காயும்வரை விட்டு, பிறகுதான் டைல்ஸ். ஈரச் சுவரில் டைல்ஸ் ஒட்டினால் அடுத்த பருவமழைக்குள் கழன்று விழும் என்றார். இடம் வேண்டுமென்றால் சாமான் அறைக்கும் அடுப்படிக்கும் நடுவிலுள்ள அரைச்சுவரை எடுக்கலாம். மகள் டைல்ஸ் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கியது அப்போதுதான்.

அடுத்த வாக்குவாதம் விறகடுப்பைப் பற்றி வந்தது. மகளுக்கு அது வேண்டாம். காஸ் மட்டும் போதும், கரியே இல்லாத வெள்ளை அடுப்படி வேண்டும். அந்த ஆசையில் தவறில்லை. கரிச்சட்டி தேய்த்துத் தேய்த்து நகம் கறுத்த தாயைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஆசை வருவது நியாயம். ஆனால் டீச்சர் 2022 இன் காஸ் தட்டுப்பாட்டை மறக்கவில்லை. 2021 ஒக்டோபரில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 1,493 ரூபாயிலிருந்து 2,675 ரூபாய்க்குத் தாவியது. அடுத்த மாதமே நாடு முழுவதும் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடிக்கத் தொடங்கின. காஸ் கலவையின் விகிதம் மாற்றப்பட்டதுதான் காரணம் என்று பெரிய சர்ச்சை எழுந்து, விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் விலை 4,860 ரூபாய். காசு இருந்தவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுப் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டு, இரவெல்லாம் பாதையோரம் காத்திருந்தார்கள். அழகான பான்ட்ரி கட்டி விறகடுப்பை உடைத்தெறிந்திருந்த வீடுகளில் கொல்லைப்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டி, குடைபிடித்துக்கொண்டு சோறு ஆக்கினார்கள்.

“அந்த வருஷம் இந்த ஒழுங்கையிலே அஞ்சாறு வீட்டுக்குச் சோறு என் அடுப்பில்தான் வெந்தது. இதை உடைக்க நான் விடமாட்டேன்” என்றார் டீச்சர்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான குடும்பங்கள் விறகில்தான் சமைத்தன. அதன்பின் காஸ் பரவியது. ஆனாலும் நான் பார்த்த கண்டி வீடுகளில் காஸ் வந்தபின் விறகு போய்விடவில்லை. தேநீருக்கும் காலைப் பரபரப்புக்கும் காஸ். சோறு, பருப்பு, பலாக்காய், குளிக்க வெந்நீர் எல்லாம் விறகு. இரண்டையும் ஏற்றுக்கொள்கிற அடுப்படியைத் திட்டமிடுவதுதான் அறிவு என்பது என் முடிவு. ஆனால் கடைகளில் விற்கும் பான்ட்ரி மாதிரிகள் எதிலும் விறகுக்கு இடமில்லை.

டீச்சர் வீட்டில் இருந்தது அனகி அடுப்பு. ஒரே துண்டாகச் சுட்ட களிமண் அடுப்பு. முன்னால் தீவாய், மேலே இரண்டு கண். முதல் கண்ணில் சோற்றுப் பானை, தீ உள்ளே ஓடிப் போய்ச் சேரும் இரண்டாவது கண்ணில் கறிச்சட்டி. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970களின் இறுதியில் சர்வோதய இயக்கமும் பிரிட்டனின் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழுவும் சேர்ந்து விறகு மிச்சம் பிடிக்கும் அடுப்புகளைச் செய்து பார்க்கத் தொடங்கின. 1980களில் இலங்கை மின்சார சபை அதைத் தேசிய வேலைத்திட்டமாக எடுத்துக்கொண்டது. அந்த வழியில் வந்து நிலைத்தது அனகி. 1990களிலிருந்து கண்டியைத் தளமாகக் கொண்ட ஒருங்கிணைந்த அபிவிருத்திச் சங்கம் குயவர்களுக்கும் அடுப்புக் கட்டுபவர்களுக்கும் பயிற்சி கொடுத்து அதைக் கிராமங்களுக்குள் கொண்டு போனது. மூன்று கல் அடுப்போடு ஒப்பிட்டால் விறகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். இலட்சக்கணக்கில் விற்று, எந்த மானியமும் இல்லாமல் சந்தையிலேயே நிற்கிற அடுப்பு இது. இலங்கையில் கைவினையும் பொறியியலும் இவ்வளவு ஒழுங்காகக் கைகோர்த்த வேறொரு பொருளை நான் அறியேன்.

டீச்சரின் அடுப்பு வாயில் வெடித்திருந்தது. புதியது வாங்க அண்ணனோடு கேகாலைக்கு அருகே மொலகொடைக்குப் போனேன். கொழும்பு–கண்டி வீதியில் போகிறவர்கள் பாதையோரம் பானைகளும் சட்டிகளும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். கடைகளுக்குப் பின்னால் இறங்கினால் சூளைகள். அங்கே அடுப்புச் செய்துகொண்டிருந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. சக்கரத்தில் வனைவது கணவன், அடுப்பை ஒட்டிச் சேர்ப்பது அவர். தீ எரியும் அறையாகிற பெரிய வளையத்தையும் இரண்டாவது கண்ணாகிற சின்ன வளையத்தையும் பதமாக வாட விட்டு, நடுவில் சுரங்கத்தை வைத்து, ஈரக் களிமண்ணால் மூட்டுப் போடுகிறார். பிறகு மூங்கில் சீவிச் செய்த அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார். தீவாயின் அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, சுரங்கத்தின் குறுக்களவுக்கு ஒன்று. அளவுகோல் உள்ளே போய்த் தளர்வாக ஆடினால் மண் அப்புகிறார், போகாவிட்டால் சீவுகிறார்.

“வாங்க வர்றவங்க எல்லாரும் ஒரே விஷயம்தான் கேக்குறாங்க” என்று சிங்களத்தில் சொன்னார். “வாயைப் பெரிசாக்கித் தா, பெரிய கட்டையைப் பிளக்காமல் அப்படியே தள்ளலாம் என்று. பெரிசாக்கினால் சீக்கிரம் விற்கும். ஆனால் குளிர்காத்து உள்ளே போய்த் தீயைத் தணிக்கும். விறகு இரண்டு மடங்கு போகும். அடுப்பு கூடாது என்று பேர் வரும். அது என்னுடைய பேர்தானே?”

விரல் தடிப்பான அந்த மூங்கில் சுள்ளிகளால் அவர் காக்கிற அளவுதான் அந்த அடுப்பின் முழு உயிர். அவருக்கு ஓர் அடுப்புக்குக் கிடைப்பது சொற்பம். பாதையோரக் கடையில் அதே அடுப்பு விலை ஏறுகிறது. கண்டி நகரக் கடைக்கு வரும்போது இன்னும் ஏறுகிறது. அண்ணன் அவரிடமே நேராக வாங்கினார், பேரம் பேசவில்லை. அடுப்பைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வெடிப்புப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டிச் சத்தம் கேட்டார். நன்றாகச் சுட்ட அடுப்பு கணீர் என்று பேசும்.

அடுப்பு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அனகியை வெறுமனே திண்ணை மேல் வைத்து எரித்தால் வெப்பம் பக்கவாட்டில் வீணாகும், அடுப்பும் சீக்கிரம் வெடிக்கும். அதைச் சுற்றி மண் கட்ட வேண்டும். அண்ணன் புற்றுமண், மணல், சாணம், கொஞ்சம் சாம்பல் எல்லாவற்றையும் மிதித்துக் குழைத்து, ஈரச் சாக்கால் மூடிப் புளிக்கவிட்டார். சீமெந்து ஒரு பிடிகூடச் சேர்க்கவில்லை. தீ பட்டால் சீமெந்து விரிகிற விதம் வேறு, சுட்ட மண் விரிகிற விதம் வேறு. இரண்டும் ஒன்றையொன்று உடைக்கும். மண் கட்டி முடித்ததும் உடனே தீ மூட்டவும் விடமாட்டார். நிழலில் காய வேண்டும். வெடிப்பு வந்தால் மறுபடி மெழுக வேண்டும்.

அனகிக்குச் சொந்தமாகப் புகைபோக்கி கிடையாது. விறகைக் குறைத்து எரிப்பதால் புகை குறையும், இல்லாமல் போகாது. ஆகவே மேலே ஒரு கூடு வேண்டும். திண்ணையின் மூன்று பக்கத்தையும் அணைத்து இறங்குகிற செங்கல் கூடு, அது ஒடுங்கிப் போய்ச் சேர்கிற புகைக்கூண்டு, கூரையின் முகட்டுக்கு மேல் இரண்டடிக்குக் குறையாமல் எழும் வாய். முகட்டுக்குக் கீழே நின்றுவிட்டால் காற்று கூரையில் மோதித் திரும்பிப் புகையை உள்ளே தள்ளும். வாயின் மேலே மழைக்கு மூடி, பக்கங்களில் திறப்பு. அடியில் கரி வழித்தெடுக்க ஒரு சின்னக் கதவு. இதையெல்லாம் பல மேசன்மார் செய்வார்கள். அண்ணன் கூடுதலாகச் செய்தது ஒன்று: திண்ணைக்கு எதிர்ச் சுவரில், தரையோரமாக, கம்பி வலை அடித்த இரண்டு துவாரம்.

“புகை மேல போகணும்னா கீழயிருந்து காத்து வரணும். எல்லாரும் மேல ஓட்டை போடுறாங்க. கீழ போட மறந்துடுறாங்க.”

அதே துவாரங்கள் காஸுக்கும் காவல். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில்தான் தேங்கும். உயரத்தில் உள்ள ஜன்னலால் அது வெளியேறாது. காஸ் அடுப்பு பாவிக்கிற எந்த வீட்டிலும் தரையோரத் துவாரம் இருக்க வேண்டும் என்பதை நான் அவரிடமிருந்து அறிந்துகொண்டேன். சிலிண்டரைக் கபட்டுக்குள் பூட்டிவைப்பதை அவர் அடியோடு எதிர்க்கிறார்.

தண்ணீர்க் குழாய், வயரிங் வேலைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பூச்சுப் பூசுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும், சிங்குக்குக் கீழே கழிவுநீர்க் குழாய்க்குச் சாய்வு போதுமான அளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மரவேலைக்கு உடுநுவரைப் பக்கம், எம்பெக்கவுக்குக் கிட்டிய ஒரு பட்டறைக்குப் போனோம். எம்பெக்க தேவாலயத்தின் செதுக்குத் தூண்களைப் பார்க்க வருகிறவர்கள் பலர். அங்கே 26 கைமரங்களை ஒரே மர ஆணியில் கோர்த்து நிறுத்தியிருக்கும் கூரை மூலையை அண்ணாந்து பார்க்காமல் திரும்புகிறவர்களும் உண்டு. அந்த மண்ணின் தச்சர்கள் இன்று பெரும்பாலும் செய்வது கதவு, கட்டில், பான்ட்ரி கபட். நாங்கள் போன பட்டறையின் தச்சர் அறுபதை நெருங்கியவர், குறைவாகப் பேசுகிறவர். எம்டிஎப் பலகையில் செய்த ஒரு பழைய கபட் கதவை மூலையில் வைத்திருக்கிறார். எந்த வாடிக்கையாளர் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறார். சிங்குக்குக் கீழே இரண்டு மழைக்காலம் இருந்த பலகை அது. ஓரம் ஊறி, ரொட்டி போலப் பொருமி உதிர்ந்திருந்தது. கண்டியின் ஈரத்துக்கு அந்தப் பலகை சிங்கின் பக்கமே வரக்கூடாது என்பது அவருடைய தீர்ப்பு. கறையானுக்கும் ஈரத்துக்கும் அஞ்சி இப்போது நிறையப் பேர் அலுமினியத்தில் பான்ட்ரி அடிக்கிறார்கள். அதை அவர் குறை சொல்வதில்லை. கீழ்க் கபட்டுக்கு அலுமினியம் அல்லது பலா, மேலே உள்ளதற்கு மஹோகனியோ மலிவான மரமோ போதும் என்கிறார்.

பலா மரத்தை நினைத்த மாத்திரத்தில் வெட்ட முடியாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, பெண் பனை போன்ற உணவு மரங்களைக் காக்கிறது. சொந்தக் கொல்லையில் நிற்கிற பலாவானாலும் அனுமதி வேண்டும். அது சரியான சட்டம். விலை கூடினாலும் அந்தச் சட்டம் இருப்பதால்தான் கண்டித் தோட்டங்களில் இன்னும் பலா நிற்கிறது, 2022 இன் நெருக்கடியில் எத்தனையோ குடும்பங்கள் பலாக்காயால் பசியாறின. தச்சர் பழைய வீடுகள் உடைபடும் இடங்களில் கதவு, நிலை, உத்தரங்களை வாங்கி வந்து மறுபடி இழைத்துப் பாவிக்கிறார். பலகையின் மஞ்சள் நிறம் வருடங்களில் செம்பழுப்பாக மாறியிருக்கும். ஆணிக் குழிகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கிறார்.

அளவெடுக்க வீட்டுக்கு வந்தபோது அவர் டீச்சரிடம் கேட்ட முதல் கேள்வி, “தேங்காய் எங்கே திருவுவீங்க, அம்மா?” என்பதுதான்.

டீச்சர் தரையில் உட்கார்ந்து திருவலையில் திருவிப் பழகியவர். இப்போது முழங்கால் மடங்குவதில்லை. மேசை விளிம்பில் திருகிப் பூட்டுகிற திருவலைதான் பாவிக்கிறார். அதற்குக் கபட்டின் மேற்பலகை முன்னால் ஒன்றரை அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அந்த இடத்தில் கீழே லாச்சியோ கதவோ இடிக்கக்கூடாது. கிரனைட் போட்டால் விளிம்பு அந்தத் திருகின் வாய்க்குள் நுழைகிற தடிப்பாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் தேங்காய் திருவுகிற நாட்டில், கடையில் வாங்குகிற பான்ட்ரிகளில் இதற்கு இடமில்லாமல் இருப்பதைப் பல வீடுகளில் பார்த்தேன். பெண்கள் திருவலையைச் சாப்பாட்டு மேசைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

பிறகு டீச்சரை நேராக நிற்கவைத்து முழங்கையை மடக்கச் சொன்னார். முழங்கையிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே பென்சிலால் சுவரில் கோடு போட்டார். கடைப் பான்ட்ரியின் வழக்கமான உயரம் 34 முதல் 36 அங்குலம். டீச்சரின் கோடு 32 இல் நின்றது. விறகடுப்புத் திண்ணை அதைவிடவும் பதிவாக வர வேண்டும். அடுப்பின் உயரமும் பானையின் உயரமும் சேர்ந்த பிறகும் அகப்பை தோளுக்கு மேல் போகக்கூடாது. முதுகுவலி, தோள்வலி என்று நம் வீடுகளில் பெண்கள் சொல்வதில் பாதி இந்த நாலங்குலத்தில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அடுப்படியை அளந்து பார்க்கிற இந்தப் பழக்கத்துக்கு உலகத்தில் ஒரு பெரிய பெயர் உண்டு. ஆஸ்திரியக் கட்டிடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926 இல் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வரைந்தார். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டிச் சமையலறையைப் பார்த்து, ஒவ்வொரு வேலைக்கும் எடுக்கிற நேரத்தையும் அடியையும் கணக்கிட்டு வரைந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்றைய பான்ட்ரிகள் எல்லாம் அதன் வழி வந்தவை. அதன் அளவு கிட்டத்தட்ட 6 அடிக்கு 11 அடி.

அந்த அளவை எழுதிக்கொண்டபோது எனக்குத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயக் காம்பரா நினைவுக்கு வந்தது. அது 10 அடிக்கு 12 அடி. அங்கே அந்த அளவில் ஒரு குடும்பமே வாழ்கிறது.

அண்ணனின் அம்மா இன்னும் கலஹா மலையில் லயத்தில்தான் இருக்கிறார். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் தோட்டத்துரை 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இந்தப் பக்கத்து மலைகளில்தான். வெள்ளைக்காரர் காலத்து லயங்களில் அடுப்படி என்று தனியாக ஒன்று வரையப்படவே இல்லை. காம்பராவின் மூலையில் அடுப்பு, அல்லது இஸ்தோப்பின் (முன் விறாந்தையின்) ஓரத்தை மறைத்து அடுப்பு. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு என்கிற தேயிலைக் குச்சிகளைக் கட்டிக்கொண்டு வந்து எரிப்பார்கள். மழைக்காலத்தில் மிலாறு ஈரமாயிருக்கும், புகை கண்ணைக் கரிக்கும். ஜன்னலைத் திறந்தால் குளிர். அந்தப் புகையில்தான் குழந்தை தொட்டிலில் தூங்கும், பிள்ளைகள் பாடம் படிப்பார்கள். வீட்டுக்குள் சமையலால் உண்டாகும் காற்று மாசினால் 2020 இல் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அந்த 32 இலட்சத்தில் நம் லயங்களின் இருமலும் சேர்ந்திருக்கிறது.

அம்மா எங்களுக்குத் தேநீர் ஊற்றினார். பேச்சுக்கு நடுவில் இருமினார். “பழகிப்போச்சு சாமி” என்றார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டி, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், மாலையில் வந்து மறுபடி அடுப்பு மூட்டியவர்.

நகரத்தில் ஊரார் வீடுகளுக்கெல்லாம் புகைக்கூண்டு எழுப்புகிற மகனால் தன் தாயின் காம்பராவில் அதைக் கட்ட இயலவில்லை. வீடு அவர்களுடையது இல்லை. சுவரை உடைக்க, கூரையில் துளை போட, ஓர் அறை கூட்ட, எல்லாவற்றுக்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கூரையும் பக்கத்துக் காம்பராவோடு ஒரே ஓட்டமாகப் போகிறது. அவர் செய்ய முடிந்ததைச் செய்திருந்தார். இஸ்தோப்பின் ஒரு முனையில், காற்றடிக்காத பக்கம், இடுப்பளவு திண்ணை எழுப்பி, மொலகொடை அடுப்பை வைத்து மண் கட்டியிருந்தார். அதற்கு மேல் தகரத்தை மடித்து ஒரு கூடு. புகை தகரத்தின் வழியாக வெளிப்பக்கம் போகிறது. மிலாறு காய வைக்க அடுப்புக்கு மேலே கம்பியால் ஒரு பரண். அம்மா குந்தி உட்காராமல் நின்று சமைக்கிறார். பக்கத்துக் காம்பராக்களிலிருந்து வந்து பார்த்த பெண்கள் கேட்டுக்கொண்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் சில வீடுகளுக்கும் கட்டிக் கொடுத்திருக்கிறார். மண்ணையும் சாணத்தையும் அவர்கள் கொண்டு வருகிறார்கள், அவர் கூலி வாங்குவதில்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாய், 2024 இல் 1,350 ரூபாய் என்று போராடிப் போராடி உயர்ந்தது. ஒரு மூடை சீமெந்து வாங்க அந்த ஒரு நாள் சம்பளம் போதவில்லை. மண்ணால் கட்டுகிற அடுப்பு அங்கே கைக்கெட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்திய உதவியோடு மலையகத்தில் கட்டப்பட்ட புதிய வீடுகளைப் பார்த்தால் மனம் நிறைகிறது. 7 பேர்ச்சஸ் நிலம், 550 சதுர அடி, தனியாக ஓர் அடுப்படி. தலைமுறைகளுக்குப் பிறகு சொந்த வாசல். ஆனால் நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெண்கள் அந்த அடுப்படிக்குள் விறகு எரிப்பதில்லை. புகை வீட்டுக்குள் சுற்றிப் புதுச் சுவரைக் கறுப்பாக்குகிறது. பின்பக்கம் தகரத்தால் ஒரு சாய்ப்பு இறக்கி, அங்கே குந்தித்தான் சமைக்கிறார்கள். மழை அடித்தால் தகரத்தடியில் நனைகிறார்கள். உள்ளே இருக்கும் அடுப்படியில் சைக்கிளும் உரமூடையும் நிற்கின்றன. வரைந்தவர்கள் சமைக்கிறவரிடம் ஒரு தடவை கேட்டிருந்தால், அண்ணனைப் போன்ற ஒரு மேசனை அருகில் வைத்துக்கொண்டிருந்தால், ஒரு திண்ணையும் ஒரு புகைக்கூண்டும் அந்த வரைபடத்தில் வந்திருக்கும். அதற்காகும் கூடுதல் செலவு சில நூறு செங்கற்களும் ஒரு மேசனின் சில நாள் கூலியும்.

டீச்சரின் அடுப்படி முடிந்தது. சுவர் காய்வதற்காகக் காத்திருந்த நாட்கள்தான் வேலையில் அதிகம். டைல்ஸ் கடைசியாகத்தான் வாங்கினார்கள், மகள் விரும்பிய வெள்ளை நிறத்திலேயே. விறகடுப்பு எதிர்மூலைக்குப் போயிற்று. அங்கே திண்ணை 22 அங்குல உயரம், ஜன்னலோரப் பான்ட்ரி 32. கொறுக்காயும் மிளகாயும் உலர்த்தும் பரணை அடுப்புக்கு மேலேயே பலாப் பலகையில் தச்சர் புதிதாக அடித்துக் கொடுத்தார். அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

வீட்டில் அடுப்படியைத் திருத்த எண்ணியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகும் முன்னால் நல்ல மேசன் ஒருவரை, முடிந்தால் மழை பெய்கிற ஒரு நாளில், வீட்டுக்கு அழையுங்கள். சமைக்கிறவர் அங்கே நிற்கட்டும், பேசட்டும். மண்சுவரை வெட்டாதீர்கள். மலையகத்துக்கு இனி வீடு வரைகிற அமைச்சுக்கும் நிறுவனங்களுக்கும் கேட்பது இது: விறகடுப்புத் திண்ணையையும் முகட்டைத் தாண்டும் புகைக்கூண்டையும் முதல் வரைபடத்திலேயே போடுங்கள். கட்டத் தெரிந்த மேசன்மார் அந்தத் தோட்டங்களிலேயே பிறந்தவர்கள், இன்று கண்டி நகரத்தில் நாட்கூலிக்கு நிற்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுங்கள்.